சப்பாத்திக்கள்ளி: வேலியாய் வந்த வினை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேலி என்பது பயிருக்குக் காவல் மட்டும் அன்று. ஆடுமாடு மேய்க்கும் சிறுவர்க்கு அஃது ஓர் உணவுச்சாலையும் ஆகும். களா, காரை, சூரை, இலந்தை ஆகியவை வேலியோரங்களில் தாமே முளைத்துத் தாமே காய்த்து, விலையின்றிக் கனி வழங்குவன. இவற்றோடு ஒன்றாக எண்ணப்படுவது சப்பாத்திக்கள்ளிப் பழம். செங்கருநீல நிறமும் பம்பரம் போன்ற வடிவும் உடைய அப்பழத்தைப் பறிப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்முட்கள் குஞ்சம் குஞ்சமாக அதன் தோலில் நிற்கும். கவைக்கோலால் தட்டி வீழ்த்தி, மணலிற் புரட்டியோ தீயில் வாட்டியோ முள்ளை நீக்கி, தோலை உரித்து உண்பர். உள்ளே வித்துகள் மிகுதி, சதை குறைவு, சுவை மெல்லிய இனிப்பு. உண்டவன் வாயும் விரலும் செக்கச்செவேல் எனச் சிவந்து, அவன் செய்ததை ஊருக்கு அறிவித்துவிடும்.

களாவும் சூரையும் இந்நாட்டு மண்ணில் தோன்றியவை. அவற்றோடு தோளுரசி நிற்கும் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. வேலியிற் கலந்து நின்றமையால் அயல்நாட்டுச் செடி என்னும் எண்ணமே மக்களுக்கு எழவில்லை. ஆயினும், இந்தியாவின் சாய வாணிகம், நில வரலாறு, உயிரியல் அறிவு ஆகிய மூன்றிலும் இச்செடி பெற்ற இடம் சிறிதன்று. செல்வம் தேடி மனிதர் செய்த ஒரு முயற்சி எவ்வாறு தோற்றது என்பதையும், அத்தோல்வியே பின்னர் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் அறிய இதன் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

கள்ளியும் சப்பாத்தும்

சங்க நூல்களில் கள்ளி பல இடங்களில் வருகின்றது. பாலை நிலத்தின் வறட்சியைக் காட்டவும் சுடுகாட்டின் அச்சத்தைக் காட்டவும் புலவர்கள் அதனை அமைத்தனர். இதனைக் கண்டு, சப்பாத்திக்கள்ளியும் ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழகத்தில் இருந்தது எனக் கருதுவது பிழையாகும். சங்கப் புலவர் பாடிய கள்ளி, கிளையை ஒடித்தால் பால் வடிக்கும் இனத்தைச் சேர்ந்தது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி என இன்று வழங்குவன அவ்வினத்தவை. சப்பாத்திக்கள்ளியை வெட்டினால் பால் வடிவதில்லை. வழவழப்பான நீரே கசியும்.

இதற்கு மற்றொரு சான்று குறுந்தொகையிலேயே உள்ளது. கள்ளிக்காய் வெயிலில் ஓசையுடன் வெடிக்க, அவ்வொலிக்கு அஞ்சிப் புறாக்கள் இணையோடு விலகியோடும் காட்சியைப் பாலைப் பாட்டு ஒன்று காட்டுகின்றது. உலர்ந்து வெடித்து வித்தைச் சிதறுவது பாற்கள்ளியின் காயே. சப்பாத்திக்கள்ளியின் பழம் சதைப்பற்றுடையது, அது வெடிப்பதில்லை. ஆகவே புலவர் கண்டது எந்தக் கள்ளி என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. முள்ளும் சதைப்பற்றும் நிறைந்த தோற்ற ஒற்றுமையால், பின்வந்த செடிக்கும் பழைய பெயரையே மக்கள் சூட்டினர்.

பெயரின் முற்பகுதியும் கருதத்தக்கது. சப்பாத்திக்கள்ளி, சப்பாத்துக்கள்ளி என இரு வடிவங்கள் வழங்குகின்றன. சப்பாத்து என்பது காலணியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. மலாய்மொழியில் வழங்கும் செப்பாத்து என்னும் சொல்லும் அதே மூலத்தினதே. அச்செடியின் தட்டையான நீள்வட்ட மடல் காலணியின் அடியைப் போன்றிருத்தலால் அப்பெயர் பொருந்துவதாயிற்று. கன்னடத்தில் இச்செடி பாப்பாசுக்கள்ளி எனப்படும். பாப்பாசு என்பதும் செருப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் திரிபே. இரு மொழியினரும் இரு வேறு அயற்சொற்களைக் கொண்டு ஒரே உவமையைக் கண்டமையால், சப்பாத்தியாகிய உணவைவிடச் சப்பாத்தாகிய காலணியே இப்பெயரின் பிறப்பிடம் எனக் கொள்ளுதல் தகும். நாகதாளி என்னும் பெயரும் தமிழில் உண்டு. படமெடுத்த பாம்பின் தலைபோல் மடல் நிமிர்ந்து நிற்றலை அது நினைவூட்டுகின்றது.

மடல் என வழங்கினும் அஃது இலை அன்று. தட்டையாகிவிட்ட தண்டே ஆகும். இலைகள் மிகச் சிறியனவாய்த் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். உணவு ஆக்குதல், நீர் சேமித்தல் ஆகிய இரு தொழில்களையும் தண்டே ஏற்கின்றது. ஒடிந்து வீழ்ந்த ஒரு மடல் போதும். மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடி ஆகிவிடும். பழத்தை உண்ட பறவைகளும் விலங்குகளும் வித்தைப் பரப்பும். இவ்விரு வழிப் பெருக்கமே பின்னர் நிகழ்ந்த தீங்குகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

செந்நிறத்தின் விலை

இச்செடி உலக வாணிகத்தின் கண்ணிற் பட்டது பழத்தால் அன்று. அதன் மடலில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியால். மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடி மக்கள், கள்ளி மடல்களில் கொச்சினீல் என்னும் செதிற்பூச்சியை வளர்த்து, அதனை உலர்த்தி அரைத்து, அழகிய செஞ்சாயம் எடுத்தனர். பெண்பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, வெண்பஞ்சு போன்ற மெழுகினால் தன்னை மூடி, மடலின் சாற்றை உறிஞ்சி வாழும். நசுக்கினால் குருதி போன்ற சிவப்பு நீர் வரும். ஓர் இராத்தல் உலர்ந்த சாயச்சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர்.

தமிழாசிரியர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மழைக்காலத்தில் ஈரமண்ணில் ஊரும் சிவந்த மூதாயையும் இந்திரகோபத்தையும் பழம்பாடல்கள் கூறும். அவை கொச்சினீல் அல்ல. தமிழகத்தில் செந்நிறத்திற்குச் சாயவேரும் அரக்கும் பயன்பட்டன. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் உலகப் புகழ்பெற்றது சாயவேரின் சிவப்பாலேயே ஆகும்.

1519 முதல் 1521 வரை நடந்த போரில் மெக்சிக்கோவைக் கைப்பற்றிய ஸ்பானியர், கொச்சினீல் சாயத்தை ஐரோப்பாவிற்கு ஏற்றுமதி செய்து பெரும்பொருள் ஈட்டினர். அரசர் ஆடைக்கும் திருச்சபைத் தலைவர் அங்கிக்கும் ஆங்கிலப் படைத்தலைவரின் செஞ்சட்டைக்கும் அச்சாயமே வேண்டப்பட்டது. உயிருள்ள பூச்சி வெளிநாடு செல்லாதபடி ஸ்பானியர் காத்தனர். அச்சரக்கு விதையா, பூச்சியா என்பதே ஐரோப்பியரிடையே நெடுநாள் வழக்காக இருந்தது. 1777-ஆம் ஆண்டில் தியரி தெ மெனோன்வீல் என்னும் பிரெஞ்சுக்காரர் மெக்சிக்கோவின் ஒவாகாக்காப் பகுதிக்குச் சென்று, பூச்சியையும் செடியையும் மறைவாக எடுத்துவந்தார். அதன் பின்னர், தம் ஆட்சிப் பகுதிகளிலும் அதனை வளர்க்கலாம் என்னும் ஆசை பிற வல்லரசுகளுக்கும் எழுந்தது.

சென்னையில் ஒரு கள்ளித்தோட்டம்

அவ்வாசை சென்னைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கும்பெனியின் மருத்துவத் துறைத் தலைவராகச் சென்னையில் பணியாற்றியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1738-இல் பிறந்து 1809-இல் மறைந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர் நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் ஒன்றை வைத்திருந்தார். முசுக்கட்டையும் பட்டுப்புழுவும் இந்நாட்டில் பரவ உழைத்தவர். 1786-ஆம் ஆண்டில் சென்னையில் புல்லின்மேல் ஒரு செதிற்பூச்சியைக் கண்டு, அதுவும் சாயம் தரும் என நம்பி, இலண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞருக்குத் தொடர்ந்து மடல்கள் எழுதினார். அம்மடல்கள் சென்னையிலேயே அச்சாயின. புல்லிற் கண்ட பூச்சி பயன்படாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் உண்மையான கொச்சினீலையே வருவிக்கலாம் என்னும் எண்ணம் கும்பெனியைப் பற்றிக்கொண்டது.

பூச்சி வருமுன் அதற்கு உணவு வேண்டும் அன்றோ? கியூ தோட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கள்ளி வகைகள் தருவிக்கப்பட்டன. சென்னைக்கு அருகே சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளித்தோட்டம் ஒன்று கும்பெனிச் செலவில் அமைந்தது. ஆண்டர்சனின் மருமகனாகிய ஆண்ட்ரூ பெர்ரி அதன் பொறுப்பை ஏற்றார். தோட்டத்து மடல்கள் பல ஊர்களுக்கும் அனுப்பப்பட்டன. இம்முயற்சிக்கு முன்னரே ஐரோப்பியக் கப்பல்கள் வழி வந்த சில கள்ளியினங்கள் இந்நாட்டில் நிலைபெற்றிருந்தன. சாய ஆசையோ அயற்கள்ளியை நட்டு வளர்க்க வேண்டிய பயிராகவே ஆக்கிற்று.

1795-ஆம் ஆண்டில் பூச்சியும் வந்தது. நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோத் துறைமுகத்தில் அதனைப் பெற்று, உயிரோடு கல்கத்தாவிற்குக் கொண்டுவந்து சேர்த்தார். பூச்சி பெருகிற்று, அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பப்பட்டது. ஆனால் வந்தது மெக்சிக்கோவின் வளர்ப்புப் பூச்சி அன்று, தென்னமெரிக்காவின் காட்டுப்பூச்சி. அதன் மேல் பஞ்சு மிகுதி, சாயம் குறைவு, சந்தையில் விலையும் தாழ்வு. மேலும், கும்பெனியார் அரும்பாடுபட்டுத் தருவித்த கள்ளி வகைகளை அது நாடவில்லை. முன்னரே நாட்டில் பரவியிருந்த மோனகாந்தா என்னும் கள்ளியினத்தையே அது விரும்பி உண்டது. உண்ட இடத்தில் செடியை அடியோடு அழித்தும் விட்டது. வளர்ப்பவனுக்குச் சாயமும் இல்லை. செடியும் இல்லை என்னும் நிலை வந்தது.

சாய வாணிகம் இவ்வாறு பொய்த்தது. பிற்காலத்தில், 1856 முதல் தோன்றிய நிலக்கரிச் சாயங்கள் உலகெங்கும் கொச்சினீல் விலையையே வீழ்த்திவிட்டன. நுங்கம்பாக்கத்திலும் சைதாப்பேட்டையிலும் கண்ட கனவு மறைந்தது. கள்ளிகள் மட்டும் மறையவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது

முள்வேலி தமிழர்க்குப் புதிதன்று. கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டை மிளை எனப் பழந்தமிழர் குறித்தனர். திருவள்ளுவரும் அரணின் உறுப்புகளுள் காட்டினை ஒன்றாக எண்ணினார். கொங்கு நாட்டில் கிளுவை வேலி இன்றும் உயிர்வேலியாக நிற்கின்றது. இத்தகைய நாட்டில் நீர் ஊற்ற வேண்டாத, ஆடு தொடாத, ஒரு மடலை நட்டால் ஓரிரு ஆண்டில் ஆளுயரம் ஓங்கும் செடி கிடைத்தால் உழவர் விடுவரோ? தோட்டத்தைச் சுற்றியும் ஊர்ப்புறத்திலும் சப்பாத்திக்கள்ளி வேலி எழுந்தது.

அரசும் அவ்வேலியைப் பயன்படுத்தியது. வட இந்தியாவில் உப்பு வரி தவறாமல் வாங்குவதற்காக ஆங்கில அரசு 2,000 கல்லுக்கு மேற்பட்ட சுங்கக் காவற்கோடு ஒன்றை அமைத்திருந்தது. அதன் நெடுந்தொலைவில் முள்வேலியே மதிலாக நின்றது. 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அவ்வேலியை உயிர்வேலியாக வளர்ப்பதில் முனைந்தார். பின்னாளில், 1885-இல், இந்திய தேசிய காங்கிரசு தோன்றக் காரணராயிருந்தவரும் இவரே. இலந்தை, களா, வேல், பாற்கள்ளி ஆகியவற்றோடு சப்பாத்திக்கள்ளியும் அங்கே நடப்பட்டது. பழம் தரும் வேலிச்செடிகள் ஏழையின் உப்பைத் தடுக்கும் காவலர் ஆயின. 1879-இல் அக்கோடு கைவிடப்பட்டது. வேலியும் மெல்ல மறைந்து மக்கள் நினைவிலிருந்தும் நீங்கிற்று. ராய் மாக்ஸம் என்னும் ஆங்கிலேயர் அதன் எச்சத்தைத் தேடி அலைந்து 2001-இல் நூல் எழுதிய பின்னரே உலகம் அதனை மீண்டும் அறிந்தது.

தெற்கே வேலி தன் எல்லையில் நிற்கவில்லை. தில்லேனி எனப்படும் மற்றொரு கள்ளியினம் மேய்ச்சல் நிலத்திலும் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் பாதையோரத்திலும் படர்ந்து புதர்க்காடாயிற்று. பாம்பும் தேளும் எலியும் அதில் குடிபுகுந்தன. வெட்டிக் குவித்தால் வெட்டிய ஒவ்வொரு மடலும் வேர்விட்டது. உலர்த்திக் கொளுத்த ஆளும் பொருளும் வேண்டும்; அச்செலவோ பல இடங்களில் நிலத்தின் விலையையும் விஞ்சிற்று. நிலமுடையவன் தன் வயலை ஒருவாறு காத்துக்கொள்ளலாம். பொதுநிலத்தையே நம்பி இரண்டு ஆடு வளர்த்தவனுக்குத்தான் பேரிழப்பு. அவன் ஆடு மேய்ந்த புறம்போக்கைக் கள்ளி கைப்பற்றிக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி இங்கே உவமையாக இல்லாமல் உண்மையாகவே நிகழ்ந்தது.

ஆயினும் செடியை முற்றும் பழிப்பது முறையன்று. பஞ்சக் காலத்தில் அதன் பழம் ஏழையின் வயிற்றை ஓரளவு நனைத்தது. முள்ளைத் தீயிற் பொசுக்கிவிட்டு மடலை மாட்டுக்கு இட்டவரும் உண்டு. மழை பொய்த்தபோதும் பொய்யாத செடி அது. அதனாலேயே அதனை ஒழிப்பதும் அரிதாயிற்று.

தோல்வி தந்த தீர்வு

இந்நிலையில், மறந்துபோன பூச்சி மீண்டும் வரலாற்றில் இடம்பெறுகின்றது. ரியோவிலிருந்து வந்த காட்டுப்பூச்சி வட இந்தியாவில் மோனகாந்தாக் கள்ளியை அழித்து வந்ததைச் சிலர் கூர்ந்து நோக்கினர். சாயத்திற்கு உதவாத பூச்சி களையை ஒழிக்க உதவுமே என்னும் எண்ணம் பிறந்தது. 1836-ஆம் ஆண்டையொட்டி அது தென்னிந்தியாவிற்கு அந்நோக்கத்துடனேயே கொண்டுவரப்பட்டது. மோனகாந்தா இனம் வீழ்ந்தது. 1865-ஆம் ஆண்டிற்குச் சற்று முன்னர் இந்தியாவிலிருந்து இலங்கைக்கும் அப்பூச்சி சென்று அதே பணியைச் செய்தது. ஒரு களையை ஒழிப்பதற்காக ஒரு பூச்சியை மனிதன் அறிந்தே ஏவிய முதல் வெற்றி இதுவே என உயிரியலார் குறிப்பர். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு அதே நோக்கத்துடன் பூச்சியை அனுப்பிய முன்னோடி நிகழ்ச்சியும் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே நடந்ததே. தென்னமெரிக்காவில் தோன்றிய அப்பூச்சிக்கு அறிவியலார் இலங்கையின் பெயரையே இட்டமை, பெயரைக்கொண்டு பிறப்பிடம் துணியலாகாது என்பதற்கு மற்றொரு சான்று.

ஆனால் வெற்றி முழுமை பெறவில்லை. மோனகாந்தாவைத் தின்ற பூச்சி தில்லேனியைத் தொடவில்லை. புறம்போக்குகளை மூடி நின்றதோ தில்லேனியே. பூச்சி ஒவ்வொன்றும் தனக்குரிய செடியையே நாடும் என்னும் உண்மை இதனால் விளங்கிற்று. கண்ணுக்கு இரண்டும் கள்ளியே. பூச்சியின் வாய்க்கோ அவை வேறு வேறு. செடியையும் பூச்சியையும் பிழையறப் பிரித்தறியும் கல்வி ஏட்டுக்கல்வி மட்டும் அன்று, ஊரின் வாழ்வே அதனைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதற்குரிய விடை ஆஸ்திரேலியா வழியாக வந்தது. 1788-இல் அங்குக் குடியேறிய முதற் கப்பற்கூட்டம் கள்ளியையும் சாயப்பூச்சியையும் வழியில் ரியோவிலேயே ஏற்றிக்கொண்டது. சென்னையைப் போலவே அங்கும் சாயம் பொய்த்தது. பின்னர் வந்து சேர்ந்த கள்ளியினங்கள் பெருகின. 1925-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலம் கள்ளியின் பிடியில் இருந்தது. தீர்வு தேடி 1912 முதல் 1914 வரை உலகைச் சுற்றிய ஆஸ்திரேலிய ஆய்வுக்குழு இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்து, இங்கு நிகழ்ந்தவற்றைக் கண்டு சென்றது. 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு விட்டிற்பூச்சி வருவிக்கப்பட்டது. அதன் புழுக்கள் மடலைக் குடைந்து தின்று, சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி நிலத்தை மீட்டன. குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பூனார்கா என்னும் சிற்றூரில் 1936-இல் அவ்விட்டிலின் பெயராலேயே ஒரு நினைவு மண்டபம் எழுந்தது.

அந்த ஆஸ்திரேலிய முயற்சியில் வளர்க்கப்பட்ட மற்றொரு கொச்சினீல் இனம் தில்லேனிக்கு உரிய பகை. அது முதலில் இலங்கைக்கும், அங்கிருந்து 1926-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிற்கும் வந்தது. பூச்சி ஒட்டிய மடல்களைப் புதர்களிடையே வைத்தனர். வெண்பஞ்சு படர்ந்தது, மடல்கள் மஞ்சளித்து வாடிச் சரிந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஏக்கர் நிலம் கள்ளியினின்றும் விடுபட்டது என ஆய்வாளர் கணக்கிட்டனர். சென்னை மாகாண அரசின் பூச்சியியல் அறிஞரான டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1931-இல் இவ்வரலாற்றைக் கட்டுரையாக எழுதி வைத்தார். அரிவாளும் தீயும் செய்ய இயலாததைத் தினையளவுப் பூச்சி செய்து முடித்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் செல்வம் தரும் எனத் தேடப்பட்ட பூச்சிக்குலம், சாயத்தால் தராத செல்வத்தை நிலத்தால் தந்தது.

கள்ளி பெருகியதன் காரணமும் இதனால் விளங்கும். தாய்நாட்டில் ஒவ்வொரு செடிக்கும் உண்பன, அரிப்பன, நோய் செய்வன எனப் பல பகைகள் உண்டு. அவை செடியை அளவோடு வைத்திருக்கும். கடல் கடக்கும்போது செடி மட்டும் வருகின்றது, பகை பின்தங்கிவிடுகின்றது. பகையில்லாத செடி புதுநிலத்தில் அளவின்றிப் பெருகுவது இயல்பே. மலேசியாவிலும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த கோர்டியா என்னும் புதர்ச்செடி பெருகித் தொல்லை தந்தபோது, 1970-களின் இறுதியில் அதன் தாய்நிலத்துப் பூச்சிகளை வருவித்தே அடக்கினர். சென்னையில் தற்செயலாகக் கண்ட வழி, உலகெங்கும் வகுத்துக்கொண்ட முறையாகிவிட்டது.

ஓணானும் மடியும்

இவ்வளவோடு கதை இனிதே முடிந்தது எனல் இயலாது. கள்ளி அகன்ற வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கவில்லை. 1877-ஆம் ஆண்டில் விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் தென்னிந்தியாவிற்கு வித்தாக வந்த மற்றோர் அமெரிக்கச் செடி சீமைக்கருவேலம். அதனையும் உழவர் வேலியாக நட்டனர். அதுவும் வேலி தாண்டிக் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடியது. 2017-ஆம் ஆண்டில் அதனை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிடும் நிலை வந்தது. ஆனால் இன்று அதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் பல. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று வருந்துவது நாட்டுப்புற மொழி. கள்ளியின் வரலாறு கற்பித்ததை அரைநூற்றாண்டிற்குள் மறந்ததன் விளைவு இது.

ஏவிய பூச்சியும் எப்பொழுதும் ஏவியவன் சொற்படி நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவை மீட்ட அதே விட்டில் 1957-இல் கரீபியத் தீவு ஒன்றில் விடப்பட்டது. அது தீவுக்குத் தீவு தாவி 1989-இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடைந்தது. 2006-இல் மெக்சிக்கோவின் தீவொன்றிலும் தலைகாட்டிற்று. அந்நாட்டு அரசு விரைந்து அதனை ஒழித்தது. ஏனெனில், மெக்சிக்கோ மக்களுக்குக் கள்ளி களை அன்று. அதன் இளமடல் கறி. அதன் பழம் சந்தைப் பொருள். அவர்தம் நாட்டுக்கொடியிலேயே கள்ளியின்மேல் கழுகு அமர்ந்திருக்கும். ஒரு நாட்டில் நினைவு மண்டபம் பெற்ற பூச்சி மற்றொரு நாட்டில் கொடும் பகை. களை என்பதும் பயிர் என்பதும் செடியின் பிறவிக்குணம் அல்ல. அது நிற்கும் இடமும் அதனைச் சார்ந்து வாழும் மக்களுமே அதனை வரையறுப்பர் என்பதை இவ்விரு காட்சிகளும் ஒருங்கே காட்டுகின்றன.

தமிழகத்தில் சப்பாத்திக்கள்ளி முற்றும் மறைந்துவிடவில்லை. கரிசல் வரப்புகளிலும் மணல்மேடுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றது. மடலில் வெண்பஞ்சுத் திட்டுகளைக் காணலாம். நசுக்கினால் அதே சிவப்பு. அக்கொச்சினீலும் கள்ளியும் இன்று ஒன்றையொன்று அளவோடு வைத்து வாழ்கின்றன. பழம் பழுத்தால் சிறுவர் கவைக்கோலுடன் வருவர். அவர் விரலிற் படியும் பழச்சாறும், கும்பெனியார் கடல் கடந்து தேடிய பூச்சிச் சாயமும் வேதியியல் முறையில் வேறு வேறு, நிறமோ ஒன்றே. அச்செந்நிறத்தை விலையாக்க முயன்றவர் தோட்டம் போயிற்று; செலவும் போயிற்று. அதனை உண்டு மகிழும் சிறுவன் மட்டும் இழந்தது ஒன்றும் இல்லை. நுண்முள்ளை முதலில் நீக்கிவிட்டுப் பின்னரே பழத்தை வாயிலிட வேண்டும் என்பதை அவன் நன்கு அறிவான். அயலிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து நடுவோரும் அத்துணை விழிப்போடு இருந்திருப்பின், இவ்வேலியின் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.